கேமரா இருக்கும் அறையில் குளிப்பாட்ட மாட்டேன்

வீட்டுக்குள் காலை வைத்த முதல் நாளே "நீங்க எங்க வீட்டு மனுஷி மாதிரி" என்று யாராவது சொன்னால், பெண்களே, அந்த இடத்திலேயே நின்று யோசியுங்கள். வீட்டு மனுஷிக்கு வேலை நேரம் கிடையாது. இன்ன வேலை செய்வேன், இன்ன வேலை செய்ய மாட்டேன் என்று வீட்டு மனுஷி சொல்ல முடியாது. சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதாகப் பேர் வரும். அந்த ஒரு வார்த்தையைக் கொடுத்துவிட்டு நம்மிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள்.

இருபத்தாறு வருஷம் இந்தக் கோலார் தங்கவயலில் வீடு வீடாகப் போய், படுக்கையில் விழுந்தவர்களைப் பார்த்துக்கொண்டேன். எந்த ஆஸ்பத்திரிக்கும் நான் ஆள் இல்லை. எந்த ஏஜென்சியும் என்னை அனுப்பியது இல்லை. ஒரு வீட்டில் வேலை முடிந்தால் அந்த வீட்டுக்காரர்கள் இன்னொரு வீட்டுக்குச் சொல்வார்கள், நான் போவேன். நீங்களும் அப்படித்தான் போகிறீர்கள். ஆனால் நீங்கள் கோர்ஸ் முடித்தவர்கள். பிரஷர் பார்க்கவும் டியூப் வழியாகச் சாப்பாடு கொடுக்கவும் தெரிந்தவர்கள். நான் ஐந்தாம் வகுப்பு. வேலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் சரி என்று சொன்னால் என்ன ஆகும் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அதை அன்றைக்கு நாமெல்லாம் கூடிய கூட்டத்தில் பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்றேன். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று நாக்கு ஒட்டிக்கொண்டது. "எல்லாரும் நல்லா இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வாய் அவ்வளவுதான். அதனால் எழுதுகிறேன். கோபத்தோடு எழுதுகிறேன், அதற்காக மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

முதலில் இங்கே கோரமண்டல் பகுதியில் ஒரு வீடு. இடுப்பெலும்பு உடைந்து படுத்திருந்த ஒரு அம்மா. திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், துடைக்க வேண்டும், ஊட்ட வேண்டும். அவ்வளவுதான் பேச்சு. நாலாம் நாள் மருமகள் ஒரு முறம் நிறையப் புளியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"சும்மாதானே உக்காந்துக்கினு கீறீங்க. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க ஆன்ட்டி. நீங்க எங்க வீட்டு மனுஷிதானே."

நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அந்த அம்மா எப்போது வலியில் முகம் சுளிக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நம் வேலையில் பாதி அதுதான். பார்க்கிறவர்களுக்குச் சும்மா இருப்பது போலத் தெரியும். ஆனாலும் "சரிம்மா" என்றேன். புளிக்குப் பிறகு வெங்காயம் வந்தது. வெங்காயத்துக்குப் பிறகு மாவு. பிறகு அவர்கள் பிள்ளையை ஸ்கூல் வேனிலிருந்து இறக்கிக் கூட்டி வருவது. இரண்டு மணிக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டிய அந்த அம்மா, ஒரு நாள் மத்தியானம் முழுக்க ஒரே பக்கமாகக் கிடந்தாள். நான் சமையலறையில் இருந்தேன். அவள் கூப்பிடுகிற ஜாதி இல்லை, என்னைப் போலத்தான். அன்று தொடங்கிய புண் அவள் முதுகில் ஆறவே இல்லை.

மருமகள் கேட்டாள், "இன்னா ஆன்ட்டி, இதப் பாத்துக்கத்தானே உங்கள வெச்சது?"

அவள் கேட்டது சரி. அதுதான் என்னை இன்றைக்கும் எரிக்கிறது. புளியை வைத்தது அவள். புண்ணுக்குப் பொறுப்பு நான். நாம் எல்லையைப் போடாவிட்டால் அடி நமக்கு விழுவது ஒரு பக்கம், படுக்கையில் இருக்கிற வாயில்லாத ஜீவனுக்கு அது முதலில் விழுகிறது. நம் சௌகரியத்துக்காக முடியாது என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு வெட்கப்படாதீர்கள். நம் கையில் இருக்கிறவருக்காகவும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

இதைக் கற்றுக்கொண்ட பிறகாவது திருந்தினேனா? இதே ஊரில் பாலகாட் பக்கம் ஏழுமலை அண்ணன் வீட்டுக்குப் போனது அதற்கு ரொம்ப வருஷம் கழித்து. என்னுடைய கடைசி வீடு அதுதான்.

ஏழுமலை அண்ணன் சுரங்கத்தில் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடுகிறவரைக்கும் இருந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆனால் காது கேட்கும், எல்லாம் புரியும். இடது கை வேலை செய்யும். சம்சாரம் இல்லை. மகன் பிரபாகர் பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறார். ராத்திரிக்கு அண்ணனின் தங்கை மகன் வந்து படுத்துக்கொள்வான். காலை ஏழிலிருந்து சாயங்காலம் ஏழு வரை நான்.

அது சுரங்கத்து ஆட்களுக்காக வரிசையாகக் கட்டிய பழைய லைன் வீடு. பாத்ரூம் கொல்லைப்புறம், இரண்டு படி இறங்க வேண்டும். அண்ணனை அங்கே கொண்டுபோக முடியாது. அதனால் கட்டிலிலேயே ரப்பர் ஷீட் போட்டு, வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டி, துணி மாற்றி, மற்ற சுத்தமெல்லாம் அந்த ஒரே அறையில்தான்.

நான் போன இரண்டாவது வாரம் பிரபாகர் ஒரு ஆளைக் கூட்டிவந்து கட்டிலுக்கு எதிரே, சுவரின் உச்சியில், ஒரு கேமராவை மாட்டினார். உள்ளங்கை அளவுக்கு வெள்ளையாக இருந்தது. பெங்களூரில் இருந்தபடியே போனில் பார்க்கலாமாம். பார்ப்பதோடு இல்லை, அதன் வழியாகப் பேசவும் செய்யலாம்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி. உங்க மேல டவுட் எல்லாம் கெடயாது. அப்பாவப் பாத்துக்கினே இருக்கணும்னு எனக்கு ஆசை. தூரத்துல கீறேன் இல்ல?"

அவர் பொய் சொல்லவில்லை. அப்பா மேல் உயிரையே வைத்திருந்தார். கெட்டவரிடம் முடியாது என்று சொல்வது சுலபம், பெண்களே. நல்லவரிடம்தான் கஷ்டம்.

என்னால் முடிந்த அளவுக்குக் கேட்டேன். "தம்பி, குளிப்பாட்டச்ச மட்டும் அதுமேல ஒரு துண்டு போட்டு மூடிக்கட்டுமா? அரைமணி நேரம்தான்."

"அந்த அரைமணி நேரம்தான் ரிஸ்க் ஆன்ட்டி. கட்டில்லருந்து வழுக்கிட்டா? இதோ போன்ல எத்தன வீடியோ வருது, வேலைக்கு வர்றவங்க வயசானவங்கள அடிக்கிற மாதிரி. நீங்க அப்படி இல்ல. ஆனா மனசு கேக்க மாட்டேங்குது. அதுவுமில்லாம யார் பாக்கப் போறாங்க? நான்தானே, அவர் புள்ள."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அவர் பிள்ளையானாலும், பெரிய மனுஷனை அம்மணமாகப் பார்க்க அவரிடம் கேட்டீர்களா என்று சொல்லியிருக்க வேண்டும். என் கை அவர் உடம்பில் இருக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு கண் இருந்தால் கை நடுங்கும், நடுங்கினால்தான் வழுக்கும் என்று சொல்லியிருக்க வேண்டும். எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. நான் சொன்னது, "சரி தம்பி."

அண்ணன் கட்டிலில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பேச்சு இல்லை. எனக்கு இருந்தும் நான் பேசவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணி. அண்ணனின் சட்டையைக் கழற்றி, வேட்டியை எடுத்துவிட்டு, வெந்நீரில் துணியை முக்குகிறேன். சுவர் உச்சியிலிருந்து சத்தமாக ஒரு குரல்: "அப்பா! குட் மார்னிங்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்த்தால் அண்ணன் இடது கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கியிருக்கிறார். வாயை அகலமாகத் திறந்து, நாக்கை மேலே மடக்கிக்கொண்டிருக்கிறார். கண் மேலே கேமராவைப் பார்க்கவில்லை, நேர் எதிரே வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி, பாத்தீங்களா? அப்பா எனக்குக் கை தூக்குறாரு!" பிரபாகர் குரல் தழுதழுத்தது. ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து அண்ணன் தானாகக் கையைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. மகனுக்கு எவ்வளவு சந்தோஷம் இருக்கும்! எனக்கும்தான் சந்தோஷம். வாயைத் திறக்கிறாரே, தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்தேன். டம்ளரில் ஸ்பூன் போட்டு இரண்டு ஸ்பூன் ஊற்றினேன். பாதி கன்னத்தில் வழிந்தது.

அன்று சாயங்காலமே பிரபாகரின் மனைவியும் பிள்ளைகளும் அந்தக் கேமரா வழியாகக் கூப்பிட்டார்கள். "தாத்தா, ஹாய் சொல்லுங்க!" அண்ணன் கையைத் தூக்கினார். வாயைத் திறந்தார். அங்கே சிரிப்பு, கைதட்டல். துபாயில் இருக்கிற மகளுக்கும் போனில் அதைப் பார்க்க வழி செய்து கொடுத்தார்கள். அவளும் கூப்பிட்டாள். கையைத் தூக்கினார். ஒரு நாளைக்கு நாலு தரம், ஐந்து தரம். குளிப்பாட்டும்போது கூப்பிட்டாலும் தூக்கினார், மலம் துடைக்கும்போது கூப்பிட்டாலும் தூக்கினார். கொஞ்ச நாளில் என்ன செய்ய ஆரம்பித்தார் தெரியுமா? குரல் வந்ததும், துணி போட்டிருந்தால், இடது கையால் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுப்பார். கழற்றப் பார்ப்பார். வேர்க்கிறது போலிருக்கிறது என்று நான் மின்விசிறியைக் கூட்டி வைப்பேன்.

இப்படி ஒன்றரை மாசம். நான் தண்ணீர் ஊற்றினேன், மின்விசிறி போட்டேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அனுபவம் எனக்கு! முகம் சுளித்தால் எங்கே வலி என்று சொல்லிவிடுவேன் என்ற பெருமை வேறு. அவர் சாப்பிடுவது குறைந்துகொண்டே வந்தது. தொட்டால் உடம்பை விறைத்துக்கொண்டார். ஒரு நாள் துண்டை எடுக்கப் போன என் கையில் ஓங்கி அடித்தார். உடனே சுவர் பேசியது.

"ஆன்ட்டி, இன்னா பண்ணீங்க அப்பாவ? ஏன் அடிக்கிறாரு?"

"ஒண்ணும் பண்ணல தம்பி."

"கொஞ்சம் பொறுமையா ஹேண்டில் பண்ணுங்க ஆன்ட்டி, ப்ளீஸ்."

எனக்கு அழுகை வந்தது. அழுதாலும் பார்ப்பார்களே என்று முந்தானையால் முகத்தைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டேன். அந்த ஒன்றரை மாசமும் அந்த அறையில் நான் என் புடவையைக்கூடச் சரிசெய்துகொண்டது இல்லை.

பிறகு தசரதன் அண்ணன் வந்தார். ஏழுமலை அண்ணனோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர், மாரிகுப்பம் பக்கம் இருக்கிறார். முட்டி வலியால் ரொம்ப நாள் வராமல் இருந்தவர். சுண்டல் பொட்டலத்தோடு வந்து கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னாடா ஏழுமல, ராஜா மாதிரி படுத்துக்கினு கீற? நான் பாரு, நடந்து நடந்து சாவறேன்" என்று கேலி பேசினார். ஏழுமலை அண்ணன் முகத்தில் பாதி சிரிப்பு வந்தது. நல்ல பக்கத்தில் வருகிற பாதி.

"இன்னும் இவன் எனக்கு ஒரு கட்டு பீடி தரணும்மா. நல்லா வாய் வராத மாதிரி நடிக்கிறான்" என்றார் தசரதன் அண்ணன் என்னைப் பார்த்து. நானும் சிரித்துவிட்டேன். அந்த வீட்டில் அவ்வளவு நாளில் அன்றைக்குத்தான் சிரித்தேன்.

அப்போது சுவரிலிருந்து குரல் வந்தது. "அப்பா! யாரு வந்துக்கிறாங்க?"

ஏழுமலை அண்ணனின் பாதிச் சிரிப்பு அணைந்தது. கை மேலே போனது. வாய் திறந்தது. நாக்கு மடங்கியது.

நான் வழக்கம்போல டம்ளரை எடுத்தேன். தசரதன் அண்ணன் என் கையைத் தடுத்தார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"இன்னாத்துக்கும்மா தண்ணி?"

"தாகம்ணா. இப்பிடித்தான் கேக்கறாரு."

"தாகம் இல்லம்மா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "செக்கிங் குடுக்கறான் அவன்."

எனக்குப் புரியவில்லை. அவர் ஏழுமலை அண்ணனின் தூக்கிய கையை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக இறக்கி, போர்வைக்குள் வைத்தார். "எறக்குடா. ஷிஃப்ட் முடிஞ்சிபோச்சி. போலாம், வா" என்று காதில் சொன்னார். பிறகு என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய்ச் சொன்னார்.

அவர்கள் இறங்கி வேலை பார்த்த ஷாஃப்ட் குழியில், ஷிஃப்ட் முடிந்து கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வந்ததும் நேரே வீட்டுக்கு விடமாட்டார்களாம். தங்கக் கல்லை ஒளித்து எடுத்துவந்துவிடுவார்கள் என்று ஒரு அறையில் நிறுத்துவார்களாம். துணியை அவிழ்க்க வேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். வாயைத் திறந்து நாக்கை மடக்கிக் காட்ட வேண்டும்.

"மேல ஒருத்தன் உக்காந்துக்கினு கொரல் குடுப்பாம்மா. மூஞ்சி சரியா தெரியாது. கொரல் வந்தா கைய தூக்கணும். நான் எப்பிடியோ மறந்துட்டேன். அவன் உடம்பு மறக்கல பாரு."

"வீட்ல யாருக்கும் தெரியாதாண்ணா?"

"இதப் போயி பொண்டாட்டி புள்ளகிட்ட எவன் சொல்லுவான்?"

என் அப்பாவும் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர்தான். எங்களிடமும் சொன்னது இல்லை.

கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டே எல்லாம் எனக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. பொத்தானைப் பிடித்து இழுத்தது வேர்வையால் இல்லை. மகன் "ஹாய்" என்று கூப்பிட்ட ஒவ்வொரு தரமும் அவர் அந்த அறைக்குப் போய் நின்றிருக்கிறார். பேரப்பிள்ளைகள் கைதட்டியிருக்கிறார்கள். நான் பக்கத்தில் நின்று வாயில் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். எவ்வளவு பெரிய பாவம்! அது கேமராக்காரன் செய்த பாவம் இல்லை, பிரபாகர் தெரிந்து செய்ததும் இல்லை. ஒரு துண்டு போட்டு மூடுகிறேன் என்று கேட்டு, இரண்டாவது வார்த்தைக்கே பின்வாங்கிய என் சரி என்ற வார்த்தையில் இருந்து வந்தது.

உள்ளே போனேன். ஸ்டூலின் மேல் ஏறி, கேமராவின் மேல் துண்டைப் போட்டுச் சுற்றிக் கட்டினேன். இரண்டு நிமிஷத்தில் என் போன் அடித்தது.

"ஆன்ட்டி, கேமராவுக்கு இன்னா ஆச்சு?"

"மூடிட்டேன் தம்பி."

"ஏன்?"

"போன்ல வேணாம். நேர்ல வாங்க, சொல்றேன்."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். தசரதன் அண்ணன், "நான் இருக்கட்டுமாம்மா?" என்று கேட்டார். அவர் பேசினால் நான் பேச மாட்டேன் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

மத்தியானம் மூன்று மணிக்கே பிரபாகர் காரில் வந்துவிட்டார், மனைவியும் கூட. நேராக உள்ளே வந்து அப்பா பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, "அப்பா, இன்னா ஆச்சு உங்களுக்கு?" என்றார். அண்ணன் மகனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். செக்கிங் அறை, குரல், கை, நாக்கு. சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது.

"யாரு, அந்தத் தசரதன் மாமா சொன்னாரா? அவரு எப்பவும் கத கட்டுவாரு ஆன்ட்டி. எங்கப்பா எனக்கு ஹாய் சொல்றாரு. எனக்குத் தெரியாதா?"

"இப்ப நீங்க கூப்பிட்டீங்களே தம்பி, கைய தூக்கினாரா?"

அவர் துண்டு சுற்றிய கேமராவை நிமிர்ந்து பார்த்தார்.

"பக்கத்துல வந்து கூப்பிட்டா உங்க கையப் புடிக்கிறாரு. செவுத்துலருந்து கூப்பிட்டா கைய தூக்கறாரு. நீங்களே பாருங்க."

அவர் குனிந்து, தன் கையைப் பிடித்திருந்த அப்பாவின் கையைப் பார்த்தார். ஒரு நிமிஷம் அந்த மனுஷனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, நான் கண்ணால் பார்த்தேன். புரிந்ததைத் தாங்க முடியவில்லை. ஒன்றரை மாசச் சந்தோஷத்தை அவரால் விட முடியவில்லை. அதனால் என் மேல் பாய்ந்தார்.

"நீங்க உங்க லிமிட்ல இருங்க ஆன்ட்டி. அப்பாவப் பாத்துக்கத்தான் உங்கள வெச்சுக்கீறோம். எங்க குடும்பத்துக்கு நாயம் சொல்ல இல்ல."

இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக நான் நிமிர்ந்து பார்த்துப் பேசினேன். குரல் நடுங்கியது. நடுங்கினாலும் பேசலாம், பெண்களே, அதுவும் குரல்தான்.

"என் லிமிட்டத்தான் தம்பி சொல்றேன். கேமரா இருக்கட்டும், நான் வேணாங்கல. ஆனா குளிப்பாட்டச்ச, துணி மாத்தச்ச, சுத்தம் பண்ணச்ச மூடியிருக்கணும். அதுல யாரும் பேசக் கூடாது. பேசணும்னா எனக்குப் போன் போடுங்க, உங்க மூஞ்சி தெரியற மாதிரி அவர் எதிர்ல புடிக்கிறேன். இதுக்குச் சரின்னா நாளைக்கி ஏழு மணிக்கு வர்றேன்."

"இல்லேன்னா?"

"வர மாட்டேன்."

மருமகள் குறுக்கே வந்தாள். "ஐயோ ஆன்ட்டி, இவ்ளோ நாள் எங்க வீட்டு மனுஷி மாதிரி இருந்துட்டு... ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

"நான் உங்க வீட்டு மனுஷி இல்லம்மா. வேலைக்கு வர்றவ. அதனாலதான் சொல்றேன்."

பிரபாகர் எழுந்து போய்த் துண்டை அவிழ்த்தார். "நாளைக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார். குரலில் கோபம் கூட இல்லை, களைப்புதான்.

நான் ஏழுமலை அண்ணனிடம் போனேன். "நான் வர்றேண்ணா" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் மேல் கோபமா, கேமராவை நினைத்தா, எனக்குத் தெரியாது. நல்லபடியாகத் தலையசைத்து வழியனுப்பினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை.

நீங்கள் இப்போது கை தட்டத் தயாராக இருப்பீர்கள், அத்தை கடைசியில் தைரியமாகப் பேசினாள் என்று. தட்டாதீர்கள். நான் பேசியதால் ஏழுமலை அண்ணனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. முதல் நாளில், கேமராவை மாட்டும்போதே இதைச் சொல்லியிருந்தால் பிரபாகர் ஒத்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு அவருக்கு இழக்க ஒன்றும் இல்லை. அப்பா எனக்குக் கை தூக்குகிறார் என்ற சந்தோஷத்தை ஒன்றரை மாசம் கொடுத்துவிட்டு, பிறகு பிடுங்கினால் எந்த மகன் தருவான்? முடியாது என்ற வார்த்தையை முதல் நாள் சொன்னால் அது உங்கள் வேலை முறை. நாள் கழித்துச் சொன்னால் அவர்களை அவமானப்படுத்துவதாக ஆகிவிடும். நான் அதில்தான் தோற்றேன். முதல் நாள் வாசலிலேயே கேளுங்கள்: கேமரா இருக்கிறதா, எந்த அறையில், யார் யார் பார்ப்பார்கள்? வாய் வராவிட்டால் ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துப்போய்க் கொடுங்கள். நான் ஐந்தாம் வகுப்பு, இவ்வளவு எழுதுகிறேனே.

ஆனால் என் கோபம் எல்லாம் என் மேலும் பிரபாகர் மேலும் மட்டும் இல்லை.

நான் வெளியே வந்த மறுநாள் அந்த வீட்டுக்கு வேறு ஆள் போனாள். தசரதன் அண்ணன் சொல்லித்தான் தெரியும். அவள் உங்களில் ஒருத்தி. பேரை எழுத மாட்டேன், அவளுக்குத் தெரியும். ஒரு வாரம் கழித்து மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கை ஏன் தூக்குகிறார் என்று சொன்னேன். அவள் கண் கலங்கியது, நல்ல பெண்தான். கேமராவை மூடினாயா என்று கேட்டேன்.

"இன்னா அத்தை பண்றது? நான் முடியாதுன்னு சொன்னா வேற ஆள் வந்துடுவாங்க."

நான் கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நடுத்தெருவில் என்ன பேசுவது என்ற அதே வெட்கம். வீட்டுக்கு வந்து, அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் என்ன என்று எத்தனையோ நாள் யோசித்தேன். பதில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் முடியாது என்று சொன்னபோது வந்த அந்த வேறு ஆள் நீதான், அம்மா.

நாம் தனித்தனியாக வேலைக்குப் போகிறோம். நமக்கு யூனியன் கிடையாது, மேனேஜர் கிடையாது. என் முடியாது என்ற வார்த்தைக்கு உன்னை விட்டால் பலம் கிடையாது. நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன், நீ திறந்துகொண்டு போனாய். பிரபாகருக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது, இந்தப் பெண்களின் முடியாது ஒரு நாளைக்குத்தான் என்று.

ஏழுமலை அண்ணன் இன்னும் இருக்கிறார். காலை ஒன்பது மணிக்குக் குரல் வருகிறது. கையைத் தூக்குகிறார். இதைப் படிக்கிற நாளிலும் தூக்கியிருப்பார்.

அந்த வீட்டில் இப்போது இருக்கிறவள் நாளைக்குப் போனதும் கேமராவின் மேல் ஒரு துணியைப் போடட்டும். போன் வரும். குளிப்பாட்டும்போது மூடித்தான் இருக்கும் என்று சொல்லட்டும், ஏன் என்றும் சொல்லட்டும். அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அடுத்த போன் உங்களில் இன்னொருத்திக்கு வரும். அவளும் அதையே சொல்லட்டும். அதற்கு அடுத்தவளும் அதையே சொல்லட்டும். நாலாவது போனுக்குள் ஏழுமலை அண்ணன் கையை இறக்கிவிடலாம்.